இறகு பிடுங்கிய சார்லியும் திரும்பாமல் உட்கார்ந்த ஆயாவும்

நம் பிராணிக் கொட்டகையின் வடக்கு மூலையில், கூரைக் கட்டையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். அதில் இப்போது லாந்தர் மாட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மாட்டுங்கள். ஆனால் அது லாந்தருக்கு அடித்த கொக்கி இல்லை. ஒரு கிளிக்கூண்டுக்காக நான் அடித்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். நான் படித்தது மூணாம் வகுப்பு. எழுத்தும் கோணல். குதிரைக்குக் குளம்பு பார்ப்பது, நாய்க்குச் சிரங்கு பார்ப்பது எல்லாம் கம்பவுண்டர் கையோடு காட்டிக் கொடுப்பார். அதற்கு நான் வேண்டாம். கிளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்போது கொட்டகையை நடத்தியது மிஸ்ஸியம்மா. கல்யாணம் செய்துகொள்ளாத வெள்ளைக்கார அம்மா. துரைமார் சீமைக்குத் திரும்பிப் போகும்போது பிராணிகளை விட்டுவிட்டுப் போவார்கள். கப்பலில் இடம் இல்லை என்பார்கள். நாய் வரும். மட்டக்குதிரை வரும். ஒரு தடவை ஆமை வந்தது. மிஸ்ஸியம்மா எதையும் வேண்டாம் என்றதில்லை.

ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தேறுகிற பிராணியை எத்தனை நாள் ஆனாலும் வைத்துப் பார்ப்பார். வலியில் கிடப்பதை இழுத்தடிக்க மாட்டார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது. அந்த நாள் காலையில் மிஸ்ஸியம்மா எதுவும் சாப்பிட மாட்டார். ஆனாலும் செய்வார். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பல தடவை பிராணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து சனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கையில் ஒரு கூண்டு, மேலே கம்பளி மூடியிருந்தது.

"ஏனுங்க, இங்க கிளியெல்லாம் பாப்பீங்களா?"

"குதிரை, நாய், கழுதை பாப்பமுங்க. கிளி வந்ததில்லைங்க."

"இப்ப வந்துருச்சுங்களே" என்று கூண்டைக் கீழே வைத்தார்.

கம்பளியை எடுத்தேன். தோளில் சிவப்புத் திட்டு இருக்கிற பெரிய ஜாதிக் கிளி. தலை நன்றாக இருந்தது. தளிர்ப் பச்சை, சிவந்த மூக்கு, கழுத்தில் வளையம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. குழம்புக்கு உரித்த கோழி மாதிரி வெறும் தோல். நெஞ்சில் அங்கங்கே ரத்தப் பொட்டு.

அந்த அம்மா பேர் பிலோமினா. பங்களா ஆயா. மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் ரெண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவர். கிளி அந்தப் பிள்ளைகளுடையது. பேர் சார்லி. பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். தாயும் கூடப் போய்விட்டது. துரை வேறு எஸ்டேட்டுக்கு மாறினார். கிளி ஆயாவிடம் தங்கிவிட்டது. ஆயாவுக்குக் குன்னூரில் வேறு பங்களாவில், ஒரு கைக்குழந்தையைப் பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கே போன கொஞ்ச நாளில் சார்லி இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. இது தொத்து வியாதி, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கே வெளியே கொண்டுபோ என்று துரைசாணி சொல்லிவிட்டார்.

"காப்பாத்திருவீங்களா, தம்பி? நாளைக்குப் பிள்ளைங்க வந்து சார்லி எங்கேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

மிஸ்ஸியம்மா வந்து பார்த்தார். அவர் பேசுகிற தமிழ் சர்ச்சில் வாசிக்கிற தமிழ்.

"ரங்கா, இந்த வியாதி மற்றவைகளுக்கு ஒட்டுமாகில் இதை இங்கே வைத்திருக்கக் கூடாது. கம்பவுண்டர் வரட்டும்."

கம்பவுண்டர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கிளி நடுங்குவது மாதிரி இருந்தது. கரி அடுப்பைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தேங்காய் எண்ணெயில் யூகலிப்டஸ் தைலத்தைக் கலந்து நெஞ்சில் தடவினேன். இந்த மலையில் எல்லாரும் செய்வதுதான். குதிரைக்குக் கால் வீங்கினால் தைலம், நாய் இருமினால் தைலம், நமக்குத் தலைவலித்தால் தைலம். கிளி தும்மித் தும்மிக் கத்தியது. முன்னைவிட அதிகமாகப் பிடுங்கியது.

திங்கட்கிழமை கம்பவுண்டர் உள்ளே வரும்போதே மூக்கைப் பொத்தினார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய் வீட்டுப் பிள்ளை. நன்றாகப் படித்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்னப்பா இது வாசம்? கிளிக்குச் சளியா, உனக்குச் சளியா?"

"தைலமுங்க."

"தெரியுது. கால் சுளுக்குனா தைலம். காதுக்குள்ள பூச்சி போனா தைலம். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா அதுக்கும் தைலமா?"

"அதுக்கு இன்னும் போட்டுப் பாக்கலைங்க."

சிரித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெயைக் கழுவினார். அடுப்பை வெளியே எடுக்கச் சொன்னார். காய்ந்த சூட்டில் தோல் வறண்டு இன்னும் அரிக்கும், புகை வேறு ஆகாது என்றார். பூதக்கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்தார். பேன் இல்லை, சிரங்கு இல்லை. அப்புறம் மிஸ்ஸியம்மாவைக் கூப்பிட்டுக் கிளியின் தலையைக் காட்டினார்.

"தலையில ஒரு இறகு போகலை பாருங்கம்மா. சீக்கா இருந்தா தலையிலயும் கொட்டும். இதோட மூக்கு எட்டுற இடம் மட்டும் மொட்டை. எட்டாத இடம் நல்லா இருக்கு. வேற யாரும் பண்ணலை. இதுவே பண்ணுது. ஒட்டாதும்மா."

மிஸ்ஸியம்மாவுக்கு முகம் தெளிந்தது. ஆனாலும் கேட்டார். "இரத்தம்?"

"அதுதான் கஷ்டம். புண்ணு ஆழமாப் போச்சுன்னா தாங்காதுங்க."

"கொஞ்சக் காலம் பார்ப்போம்" என்றார் மிஸ்ஸியம்மா. "இரத்தம் நிற்காவிட்டால் நான் அதை வருத்தப்பட விடமாட்டேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஆயா அதுவரை கொடுத்துவந்தது டீயில் நனைத்த பிஸ்கட். பிள்ளைகள் சாப்பிட்டதையே கிளிக்கும் கொடுத்துப் பழக்கம். கம்பவுண்டர் அதை நிறுத்தச் சொன்னார். கொய்யா, கீரை, முளைகட்டின பயறு, கம்பங்கதிர் கொடு என்றார். பர்லியாரிலிருந்து பழக்கூடை தூக்கி வருகிற ஆளிடம் அடிபட்ட கொய்யாவைக் கேட்டு வாங்கினேன். சார்லி தின்றது. தின்றுவிட்டுப் பிடுங்கியது.

இங்கே என் பழைய வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். கொட்டகைக்கு வருவதற்கு முன்னால் ஊட்டியில் ஒரு லாயத்தில் இருந்தேன். அங்கே ஒரு குதிரை தீனித்தொட்டியின் மரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. வாய்க்கு வார் கட்டிப் பார்த்தார்கள். தொட்டிக்குத் தகரம் அடித்தார்கள். நிற்கவில்லை. லாயத்துக்குத் தலைமை ஆள் ஒருவர் இருந்தார். பேர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"அது கடிக்கிறதையே பாக்காதே. கடிக்கறதுக்கு முன்னால என்ன நடக்குது, கடிச்ச பின்னால என்ன நடக்குது, அதைப் பாரு."

பார்த்தேன். அந்தக் குதிரையின் இடம் சுவரைப் பார்த்து இருந்தது. மற்ற குதிரைகள் வெளியே போகும்போது கடிக்கும். ரோட்டைப் பார்க்கிற இடத்துக்கு மாற்றினோம். வலையில் புல்லைத் திணித்துத் தொங்க விட்டோம், இழுத்து இழுத்துத் தின்னட்டும் என்று. கடிப்பது குறைந்தது. முழுசாக நிற்கவில்லை. குறைந்தது.

அதே மாதிரி சார்லியைப் பார்க்க முடிவு செய்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யாரும் இல்லாதபோது கிளி கம்பியைப் பிடித்து ஏறும், இறங்கும். சோம்பிக் கிடக்கும். அப்போது பிடுங்குவது கொஞ்சம்தான். கேட் சத்தம் கேட்டால் ஒரு இறகைப் பிடுங்கும். பிடுங்கி மூக்கிலேயே வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்க்கும். நான் "டேய், டேய்" என்று ஓடினால் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நான் போய்விட்டால் இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை ஆயா வந்தார். ரோட்டில் அவர் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டதுமே கிளி நெஞ்சைக் கொத்த ஆரம்பித்தது. ஆயா ஓடி வந்தார்.

"வேண்டாம் ராசா, வேண்டாம் கண்ணு. அய்யோ, என்ற தங்கத்துக்கு ரத்தம் வருதே."

கூண்டைத் திறந்து தோளில் ஏற்றிக்கொண்டார். தலையைத் தடவினார். முந்தானையில் முடிந்திருந்த பிஸ்கட்டை எடுத்து ஊட்டினார். கம்பவுண்டர் பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிளி பிஸ்கட்டைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. கேட்டேன்.

"அந்தப் பங்களாவுல சார்லி எப்படிங்க இருந்துச்சு?"

"மஞ்சூர்லயா? ராசா மாதிரி. பிள்ளைங்க கட்டில்ல இருந்து 'ஆயா! ஆயா!'ன்னு கூப்பிடுவாங்க. நான் ஓடுவேன். அதைக் கேட்டுக் கேட்டு இதுவும் கத்துக்கிச்சு. சின்னவன் குரல்லயே கூப்பிடும். அதுக்கும் ஓடுவேன்."

"குன்னூருக்கு வந்த பின்னால?"

"வந்த புதுசுல கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. குழந்தை முழிச்சிக்குதுன்னு துரைசாணிக்குக் கோவம். இந்தக் கம்பளியைப் போட்டு மூடிட்டாங்க. கூப்பிட்டா மூடுவாங்க. அப்புறம் கூப்பிடறதையே விட்டுருச்சுங்க."

"அப்புறம்?"

"ஒரு நா இறகைப் பிடுங்கி வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பதறிப் போயி ஓடினேன். எடுத்து வச்சுக் கொஞ்சினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, அது பிடுங்கும், நான் ஓடு…"

தோளில் இருந்த கிளியைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போனது.

"அப்ப நான்தான் இதுக்குப் பிடுங்கக் கத்துக்குடுத்தேனா?"

"ஆயாம்மா, அது உங்களைக் கூப்பிடுதுங்க. கூப்பிட வேற வழி இல்லை அதுக்கு."

செய்ய வேண்டியதைச் சொன்னேன். இனிமேல் வந்தால் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிடுங்கினால் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. பிடுங்குவதை விட்டு வேறு எதைச் செய்தாலும் உடனே திரும்பிக் கொஞ்சலாம், கொய்யா கொடுக்கலாம். கொட்டகையில் நாங்களும் அப்படியே இருப்போம்.

ஆயாவுக்கு வந்ததே கோபம்.

"ஏந்தம்பி, நீங்க கல்லுங்களா? வயசுக்கு வந்ததுல இருந்து பிள்ளை சிணுங்குனா ஓடறவ நான். ஓடாத ஆயாவை எந்தப் பங்களாவுல வச்சிருப்பாங்க? என்ற காலு என்னைக் கேட்டா ஓடுது? என்னைப் போயி முதுகைக் காட்டி உக்காருங்கறீங்க."

"கஷ்டந்தானுங்க."

"கஷ்டமா? அதும்பட ஒடம்புல ரத்தம் வரும்போது நான் சுவத்தைப் பாத்து உக்காரணுமா?"

"ரத்தம் நிக்கலைன்னா மிஸ்ஸியம்மா வச்சிருக்க மாட்டாங்க."

ஆயா கிளியைக் கூண்டுக்குள் விட்டார். ஒரு முக்காலியை இழுத்துக் கூண்டுக்கு முதுகைக் காட்டிப் போட்டார். உட்கார்ந்தார். ஜெபமாலையை எடுத்தார்.

சார்லிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு இறகைப் பிடுங்கியது. மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஆயா திரும்பவில்லை. இன்னொன்று பிடுங்கியது. ஆயாவின் விரலில் ஜெபமாலை மணி வேகமாக நகர்ந்தது. கிளி பழைய புண்ணிலேயே கொத்திவிட்டு வீல் என்று கத்தியது. ஆயா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிக் கிளியை எடுத்துச் சேலையோடு அணைத்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில் மிஸ்ஸியம்மா உள்ளே வந்தார். வெள்ளைச் சேலையில் ரத்தத்தைப் பார்த்தார்.

"ரங்கா, நாளைக்குக் கம்பவுண்டரிடத்தில் பேசுவேன்."

ஆயா வெள்ளைக்காரர் முன்னால் அழுது பழக்கம் இல்லாதவர். அழவில்லை. நேராக நின்று கேட்டார்.

"மிஸ்ஸியம்மா, இன்னொரு ஞாயித்துக்கிழமை குடுங்க. அடுத்த வாரம் நான் திரும்பினேன்னா நீங்க செய்யறதைச் செய்யுங்க. நானே பிடிச்சுக்கறேன்."

மிஸ்ஸியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லது. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை கம்பவுண்டர் மருந்தோடே வருவார்" என்றார்.

அந்த வாரம்தான் வேலை. புதியவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். யாரும் ஓடி வரவில்லை என்றால் கிளி உடனே விட்டுவிடாது. முன்னால் ஒரு இறகுக்கு வந்தவர்கள் ஏன் வரவில்லை என்று ரெண்டு பிடுங்கும். கத்தும். பார்க்கிற உங்களுக்கு, நாம் தப்பு செய்கிறோம், கிளியைக் கொல்கிறோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குதிரை உதைத்து எனக்கு விலா ஒடிந்திருக்கிறது. அது இதைவிடச் சுலபம். கையில் பக்கெட்டோடு கூண்டைத் தாண்டிப் போவேன், பார்க்காத மாதிரி. கிளி கம்பியில் ஏறினால் நின்று பேசுவேன். ஒரு பேரிக்காய்க் கொம்பை ஒடித்து உள்ளே வைத்தேன். பட்டையை உரித்துப் பார்த்தது. "பலே சார்லி" என்றேன். மறுபடி உரித்தது.

கூண்டு இருந்த இடமும் சரியில்லை. பின்சுவரைப் பார்த்து இருந்தது. வடக்கு மூலையில் கொக்கி அடித்து மாட்டினேன். அங்கிருந்து கேட் தெரியும், கழுதைகள் தெரியும், கீழே வளைவில் ரயில் புகை தெரியும். காலையில் பனித்தூறல் உள்ளே வரும். முதலில் நனைந்து முழித்தது. அப்புறம் றெக்கை என்று இருந்ததை விரித்துக் காட்டிக் குளித்தது. தோல் அரிப்பு அதில் குறைந்திருக்கும் என்று கம்பவுண்டர் பின்னால் சொன்னார்.

வாரக் கடைசியில் எங்களைப் பார்த்துப் பிடுங்குவது குறைந்துவிட்டது. ஆனால் நாங்கள் யார்? கொட்டகை ஆள்கள். அது கூப்பிடுகிற ஆள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

வந்தார். அன்றைக்கு மூடுபனி. ஆளே கிட்ட வந்த பின்புதான் தெரிந்தார். கையில் ஒரு பிரம்புக் கூடை, அதில் சிவப்புக் கம்பளி நூல் உருண்டை, ரெண்டு ஊசி.

"சும்மா உக்காந்தா கை பதறுது, தம்பி. குழந்தை காலுக்கு மேஜோடு பின்னறேன். கைக்கு வேலை இருந்தா காலு ஓடாது."

கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைத்தேன். ஆயா முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கூடையைப் பின்னால், பெஞ்சிலேயே கூண்டை ஒட்டி வைத்தார். நான் எதிரே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆயா முகமும் தெரியும், கிளியும் தெரியும்.

சார்லி ஒன்று பிடுங்கியது. ஆயாவின் ஊசி நின்றது. மறுபடி ஓடியது.

இன்னொன்று. ஆயா உதட்டைக் கடித்தார். ஊசி நிற்கவில்லை.

கிளி அந்த இறகை மூக்கில் வைத்துக்கொண்டு ஆயாவின் முதுகையே பார்த்தது. கீழே போட்டது. கத்தியது. ஆயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. பின்னிக்கொண்டே இருந்தார். மிஸ்ஸியம்மா வாசலில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவர் உள்ளே வரவில்லை.

கிளி கத்துவது நின்றது. வெளியே கழுதை ஒன்று தும்மியது.

"தம்பி" என்றார் ஆயா, குரலைத் தாழ்த்தி. "நூலு இழுக்குது."

"திரும்பாதீங்க."

"கூடை மாட்டிக்கிச்சா?"

"இல்லைங்க."

"பின்ன யாரு இழுக்கறா?"

நான் ஒரு நிமிஷம் பார்த்தேன். சார்லி கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி நூலைப் பிடித்திருந்தது. ஒரு காலால் மிதித்துக்கொண்டு இழுத்தது. உருண்டை கூடையிலிருந்து குதித்து வந்து கம்பியில் முட்டியது. கிளி பயந்து பின்வாங்கியது. மறுபடி வந்து ஒரு கொத்துக் கொத்தியது. சிவப்பு நூல் அதன் மூக்கெல்லாம் சுற்றியது.

"சார்லிதாங்க. பிடுங்கறதை விட்டுட்டு உங்க மேஜோட்டைப் பிரிக்குது."

"திரும்பலாமா?"

"இப்பத் திரும்புங்க."

திரும்பினார். கிளி நூலோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயா சிரித்தபடியே அழுதார். "திருட்டுப் பயலே, குழந்தைக்கு ஒரு காலுக்குத்தான் மேஜோடு. இன்னொரு காலுக்கு உன்ற துரைசாணிக்கு நீயே பதில் சொல்லு" என்றார். கொய்யாவை நறுக்கிக் கொடுத்தார். சார்லி கொய்யாவை ஒரு காலிலும் நூலை மூக்கிலும் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று தெரியாமல் முழித்தது.

வாசலில் மிஸ்ஸியம்மா இல்லை. எப்போது போனார் என்று தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை. மிஸ்ஸியம்மா காலையில் ரொட்டியைத் தொடவில்லை என்று சமையல்காரர் சொன்னார். கம்பவுண்டர் பையோடு வந்தார். ரெண்டு பேரும் கூண்டுக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். கம்பவுண்டர் கிளியைத் துணியில் சுற்றி எடுத்து நெஞ்சைப் பார்த்தார். தோல் காய்ந்திருந்தது. புதுப் புண் இல்லை. கூண்டுக்குள் தரையெல்லாம் சிவப்பு.

"இது என்ன, ரத்தமா?" என்று மிஸ்ஸியம்மா கிட்ட வந்தார்.

"நூலுங்கம்மா" என்றேன்.

கம்பவுண்டர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். சிரிக்காமல் சொன்னார்.

"நல்ல கம்பளி. இந்தக் கிளிக்கு நான் கொண்டாந்த மருந்து வேணாம்மா. இதுக்குத் தையல்காரன்தான் வேணும்."

மிஸ்ஸியம்மா கிளியைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "ரங்கா, எனக்கு ரொட்டியும் தேத்தண்ணீரும் கொண்டுவரச் சொல்" என்றார்.

பசியாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமான நூலைக் கூண்டுக்குள் விடாதீர்கள். ஒரு நாள் சார்லியின் காலில் சுற்றி இறுகிவிட்டது. பார்த்து அறுத்தேன். அதிலிருந்து விரல் நீளத்துக்குத் துண்டு போட்டுப் பேரிக்காய்க் கொம்பில் முடிந்து வைப்போம். அவிழ்ப்பதற்கு ஒரு பொழுது ஆகும். மறுநாள் வேறு கொம்பு. ஒரே சாமானை வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு அலுத்துவிடும். ஆயா வாரா வாரம் பின்னிக் கொண்டுவருவார், பிரிப்பதற்கென்றே. நல்ல மேஜோடாகவே பின்னுவார். சும்மா நூலைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். "அது என்ன, ஏமாத்தறதா? பிரிக்கறதுன்னா பிரிக்கற மாதிரி இருக்கோணும்" என்றார்.

றெக்கையிலும் முதுகிலும் இறகு வந்தது. முதலில் பச்சை முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது, அப்புறம் விரிந்தது. வால் வந்தது. நெஞ்சில் வரவில்லை. பலகாலம் பிடுங்கின இடத்தில் இனி வராது என்று கம்பவுண்டர் சொன்னார். கடைசி வரை சார்லிக்கு நெஞ்சு மொட்டைதான். மழை விடாமல் பிடிக்கிற நாள்களில் மறுபடி ஒன்று ரெண்டு பிடுங்கும். நாங்கள் பதறவில்லை. என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். கொம்பு பழசாகிவிட்டதா, கேட்டில் சாக்கு தொங்கி வழி மறைகிறதா, யாராவது புது ஆள் "டேய்" என்று ஓடினானா என்று பார்ப்போம். ஏதாவது ஒன்று இருக்கும். சரி செய்வோம். அவ்வளவுதான். முழுக் கிளி ஆக்கவில்லை. ஆனால் தின்றது, குளித்தது, ரயில் ஊதுகிற மாதிரி ஊதி மட்டக்குதிரைகளை மிரள வைத்தது. போதும்.

கொட்டகையைப் பார்க்க வருகிற துரைசாணிகள் மொட்டை நெஞ்சைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள், ஏன் இதை இன்னும் சரி செய்யவில்லை என்று. பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பிராணியைப் பாருங்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சார்லி எல்லாச் சத்தமும் போட்டது. கழுதை மாதிரி இருமியது. "பலே" என்றது, என் குரலில். ஆனால் பேச்சில் ஒன்று மட்டும் வரவே இல்லை. கம்பளி போட்டு மூடின நாளில் நின்ற வார்த்தை அது. ஆயா அதைப் பற்றிக் கேட்டதில்லை. பிள்ளைகள் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்பதையும் அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். பிள்ளைகள் வரவில்லை. சீமையிலேயே பெரியவர்களாகிவிட்டார்கள்.

பேரிக்காய் பூத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் ஒரு நாயைப் பார்க்க வந்திருந்தார். ஆயா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார். முற்றத்தைத் தாண்டிக் கேட்டில் கை வைத்துவிட்டார்.

"ஆயா!"

சின்னப் பையன் குரல். கட்டிலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, கடைசியில் கொஞ்சம் இழுத்து. நான் யாரோ குழந்தை வந்துவிட்டது என்று சுற்றிப் பார்த்தேன். கூண்டில் சார்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்து நின்றது. மூக்கில் இறகு இல்லை.

"ஆயா! ஆயா!"

கூடை கீழே விழுந்தது. நூல் உருண்டை கழுதைக் கொட்டகை வரை உருண்டு போனது. ஆயா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடி வந்தார். அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை.

"ரங்கா" என்றார் கம்பவுண்டர், நாயின் காதை விடாமல். "ஓடக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

"இதுக்கு ஓடலாமுங்க" என்றேன்.